உப்பளத்தம்மாவுக்கு முன்பல் கிடையாது

அக்கா,

இன்று காலை உப்பளத்தம்மா சமாதிக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை, பெருக்கும் முறை என்னுடையது. கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை முகத்தில் அடித்தது. யாரோ புதிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். இந்தத் தடவை வர்ணப் படம். கண்ணாடி போட்டு, சுற்றிலும் ஜரிகை ஒட்டி, என் முழங்கை உயரத்துக்கு இருக்கிறது. டாக்கிப் படத்தில் அம்மாவாக நடித்தாளே, அதே நடிகைதான். அதே சாய்ந்த பார்வை, அதே முத்து மூக்குத்தி. நீ இருந்திருந்தால் வாசற்படியிலேயே நின்று, "இவ எங்கமே திரும்பியும் வந்தா?" என்று கேட்டிருப்பாய். நீ இல்லாததால் உன் குரலில் நானே கேட்டுக்கொண்டேன். சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே அந்தச் சிரிப்பு நின்றுபோகும்படி ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

படித்தவர்கள் மாதிரி எழுத எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதி மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் குழாயடியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே? சினிமா நோட்டீசோ பாட்டுப் புத்தகமோ எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். இருக்கிறதைப் படிப்பேன், இல்லாததையும் சேர்த்துப் படிப்பேன். நீ மட்டும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இத்தினி எயுத்தா அந்தத் துண்டுக் காயிதத்துல கீது?" என்பாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எம்டன் கப்பல் குண்டு போட்டுப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு வெளியே ஓடியபோது, தகரப் பெட்டியோடு உள்ளே வந்தவர்கள் நாங்கள். ராயபுரத்தில் ரயில் சரக்குக் கொட்டகையில் என் வீட்டுக்காரருக்கு வேலை, திருவொற்றியூரில் உன் வீட்டை ஒட்டி வாடகைக்கு வீடு. முதல் நாளே நீ என்னை மேலும் கீழும் பார்த்து, "ஊரே ஓடிகினு கீது, நீ இன்னாமே ஜல்தியா உள்ள வர? ஜெர்மன்காரன் ஒனக்கு மாமனா?" என்றாய். எனக்கு வயசு முப்பது. உனக்கு என்னைவிட இரண்டு மூன்று கூட இருக்கும். அன்றைக்கே அக்கா என்று கூப்பிட்டேன்.

உப்பளத்தம்மா அதற்கு முந்தின வருஷமே சமாதியாகிவிட்டார்கள். இதை அழுத்தி எழுதுகிறேன். இருபது வருஷம் நான் அமுக்கி வைத்திருந்த விஷயம் இதுதான். நான் அம்மாவைப் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய். எங்கிருந்தோ வந்து எண்ணூர் உப்பளத்து ஓரத்தில் தங்கி, காய்ச்சல்காரர் நெற்றியில் ஒரு கல் உப்பைத் தேய்த்துவிட்டு, உப்பு வாருகிறவர்கள் கொடுக்கும் கஞ்சியில் ஒரு வாய் குடித்து வாழ்ந்த மனுஷி. அங்கே வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள் நீ. அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. உன்னோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த முகம் இருந்த இடம் உன் கண் ஒன்றுதான்.

உன் பிள்ளையின் கதையை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாய். இரண்டு வயசுப் பையன். இடுப்புக் கயிற்றில் ஒரு சோழி கோத்துக் கட்டியிருந்தாய். மூன்று நாள் காய்ச்சல். அம்மா வந்து உப்புத் தேய்த்தார்கள். நாலாம் நாள் விடியும்போது குழந்தை போய்விட்டது. "அப்பால ஒம்போது நாளு என் பக்கத்துலயே குந்திகினு இருந்தாங்கோமே. ஒரு வார்த்த பேசல. சாமி இட்டுகினு போச்சுன்னு சொல்லல, அயுவாதன்னு சொல்லல. பத்தாம் நாளு கஞ்சிய வாங்கியாந்து என் கையில குடுத்தாங்கோ. அன்னிக்குத்தான் நான் துன்னேன்." அவ்வளவுதான் சொன்னாய். பிறகு எழுந்துபோய் அடுப்பை மூட்டினாய்.

எனக்கு அந்தக் கதை போதவில்லை அக்கா. இதைச் சொல்ல இப்போது கூச்சமில்லை. தெய்வமாகக் கும்பிடுகிற ஒருவர் பக்கத்தில் இருந்தும் ஒரு குழந்தை சாவதா என்று என் மனசு முரண்டு பிடித்தது. சாமி விஷயத்தில் நான் எப்போதும் கொஞ்சம் தூக்கித்தான் பேசுவேன். சமாதிக்கு வருகிறவர்களுக்கு அம்மாவின் மகிமையைச் சொல்லச் சொல்ல, நானே நேரில் பார்த்த மாதிரி ஒரு நடை என் பேச்சில் வந்துவிட்டது. யாராவது "நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லமாட்டேன். கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிடுவேன். அதிலேயே அவர்கள் புரிந்துகொள்வார்கள், தப்பாக.

டாக்கி வந்ததும் நாம் இரண்டு பேரும் கெட்டே போனோம், இல்லையா? எந்தச் சாமி படம் வந்தாலும் கொட்டகையில் பெண்கள் பக்கத்து மணலில் முதல் வரிசை நம்முடையது. நான் கற்பூரம் கொண்டுபோவேன், நீ வறுத்த கடலை. திரையில் சிவபெருமான் வந்ததும் நான் கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டால், நீ என் விலாவில் இடித்து, "கைலாசத்துல சோறு ஜாஸ்திபோல. தொப்பயப் பாருமே" என்பாய். ஒரு படத்தில் நாயனாராக வந்தவருக்கு நெற்றியில் திருநீறு ஒரு காட்சியில் இருந்தது, அடுத்த காட்சியில் இல்லை. நான் ஒரு வாரம் அதற்காக வருத்தப்பட்டேன். நீயோ, "அந்தாளு அயுதாரு பாரு, அது நெசம். மீதியெல்லாம் பொட்டிய மூடினா போச்சு" என்றாய். உன் கணக்கு எப்போதும் அப்படித்தான். உடுப்பையும் பாட்டையும் நீ பார்க்கவே மாட்டாய். ஒருத்தர் எப்படி உட்காருகிறார், எப்படிச் சாப்பிடுகிறார், அதைத்தான் பார்ப்பாய்.

அம்மாவைப் படமாக எடுக்கிற சேதியைக் கொண்டுவந்தவள் தாயாரம்மா. அவள் புருஷன்தான் கொட்டகைக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டுகிறவர் என்பதால், சினிமா சேதி எதுவும் முதலில் அவள் குடத்தோடுதான் வரும்.

"கேட்டீங்களாமே? நம்ம அம்மாவ டாக்கில எடுக்கறாங்கோ! மண்டி மொதலாளி ஒர்த்தரு, அவரு பொண்ணுக்கு அம்மா சமாதில வேண்டிகினு ஒடம்பு நல்லாச்சாம். நேர்த்திக்கடனா எடுக்கறாரு. கல்கத்தாவுக்கே போறாங்கோ!"

"எண்ணூர்ல இருந்த பொம்பளய எடுக்கறதுக்கு கல்கத்தாவுக்கு இன்னாத்துக்குமே போணும்? இங்க உப்பு தீந்துபோச்சா?" என்றாய் நீ.

"படம் புடிக்கிற மிசினு அங்கதான் கீதாம். ஆரு அம்மாவா நடிக்கிறாங்கோ தெரியுமா? டிராமால ஸ்திரீபார்ட்டு போடுவாரே, அந்த மருதக்காரரு!"

நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். "சிவசிவா! ஆம்பளையா நம்ம அம்மா வேஷம் போடறது? காலையில சவரம் பண்ணிட்டு வந்து அம்மாவா நிக்கறதா?"

"வரட்டும்மே," என்றாய் நீ, குடத்தை நிமிர்த்திக்கொண்டே. "அம்மாவுக்கும் மேல் ஒதட்டுல மீச இருந்துச்சு. சவரங்கூட வோணாம்."

தாயாரம்மா சிரித்ததில் அவள் குடத்துத் தண்ணீர் பாதி என் புடவையில். நான் அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. ஆனால் மறு வாரமே சேதி மாறியது. ஸ்திரீபார்ட்காரர் இல்லையாம், முந்தின தீபாவளிப் படத்தில் இந்திர சபையில் ரம்பையாக ஆடினாளே, அந்த மதுரைப் பெண்ணாம். இப்போது குழாயடியே இரண்டாகப் பிரிந்தது. நேற்று ரம்பையாக இடுப்பை ஒடித்தவள் இன்று அம்மாவாக நிற்பதா என்று நான் கத்தினேன். "நேத்து அவ ரம்பையா நடிச்சா, நீ நம்புன. நாளிக்கி அம்மாவா நடிச்சா அதயும் நம்பப் போற. ஒன்க்கு இன்னா பேஜாரு?" என்றாய். உனக்கு இருந்த கவலை வேறு. கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகக் கேட்டாய்: "அந்தப் பொண்ணுக்கு அம்மா எப்டி இருந்தாங்கோன்னு ஆரு சொல்லுவாங்கோ?"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். சித்திரை மாசத்தில் ஒரு மத்தியானம் கம்பெனி மேனேஜர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கியபோது, நீ உப்பளத்தில் இருந்தாய். அம்மாவை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். குழாயடியில் இருந்த அத்தனை பேரும் என்னைக் காட்டினார்கள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

அவர் மடியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குத் தலைக்கேறிவிட்டது அக்கா. சிவந்த மேனி என்றேன். குயில் குரல் என்றேன். நடந்தால் மண்ணில் தாமரை பதியும் என்றேன். அதிலெல்லாம் எனக்கு அவ்வளவு உறுத்தல் இல்லை. கும்பிடுகிறவர்களை அழகாகச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். பிறகு அவர், "அம்மா செஞ்ச அற்புதம் ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார். உன் பிள்ளையைச் சொன்னேன். உப்பு வாருகிற ஒரு தாய், இரண்டு வயசுக் குழந்தை, இடுப்பில் சோழி, மூன்று நாள் காய்ச்சல். பென்சிலை நிறுத்திவிட்டு, "குழந்தை என்ன ஆச்சு?" என்று கேட்டார். செத்துப்போச்சு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தக் குழந்தையை என் வாயால் இன்னொரு தடவை சாகடிக்க மனசு வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "அம்மா பாடினாங்க. குழந்தை எழுந்து உட்கார்ந்துச்சு" என்றேன்.

உன்னிடம் இதைச் சொல்லவில்லை. அந்த மனுஷர் எழுதிய நோட்டு கல்கத்தா ரயிலில் எங்காவது தொலைந்துபோகும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் படம் நம்ம கொட்டகைக்கு வந்தது. பேண்டு வாத்தியத்தோடு நோட்டீஸ் வண்டி மூன்று நாள் தேரடியைச் சுற்றியது. முதல் நாள் மாலை ஆட்டத்துக்கே போனோம். அந்த மதுரைப் பெண் திரையில் வந்ததும் கொட்டகை முழுக்கக் கற்பூரம். புகையில் பாதி முகம் தெரியவில்லை. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீ கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாய். "ஷோக்காத்தான் கீறா. ஆனா இவ ஆருமே?" என்றாய். அப்புறம் அந்தத் தாய் வந்தாள், குழந்தை வந்தது. குழந்தையின் இடுப்பைக் கிட்டத்தில் காட்டினார்கள். சோழி.

நீ மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாய். சோழியை இந்த உலகத்தில் என் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாய். அங்கே அவள் விருத்தம் பாடப் பாட, குழந்தை கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தது. கொட்டகை முழுக்க "அம்மா! அம்மா!" என்று கூச்சல். நீ எழுந்து வெளியே போனாய். ஓடிவந்து உன் கையைப் பிடித்தேன். உதறவில்லை. அழவும் இல்லை.

"அந்தப் பொம்பள புள்ள எயுந்துக்கிச்சே," என்றாய். "என்னுது எங்கமே?"

அதற்குப் பிறகு நாலு மாசம் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீருக்கு ரயில் கேட் பக்கத்துக் குழாய்க்குப் போனாய். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. உன் வீட்டில் அம்மி அரைக்கிற சத்தத்தைக் கேட்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று நானே யூகித்துக்கொண்டேன். கோயிலுக்குப் போய் ஒற்றியூரான் முன்னால் நின்றால், அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதற்குள் சமாதியில் கூட்டம் பெருகிவிட்டது. சடையங்குப்பம், காட்டுப்பள்ளியிலிருந்தெல்லாம் வந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அந்த நடிகை இருக்கும் பாட்டுப் புத்தகத்து அட்டையை வெட்டிச் சட்டம் போட்டுச் சமாதிக்கு மேலே மாட்டி, மாலையும் போட்டுவிட்டார். வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் கும்பிட்டார்கள். நீ அமாவாசைக்கு அமாவாசை ஒரு கைப்பிடி உப்போடு வருவாய். படத்தை நிமிர்ந்து பார்க்காமல், உப்பைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போவாய்.

மாசி அமாவாசை மத்தியானம். நான் உள்ளே பெருக்கிக்கொண்டிருக்கிறேன், நீ உப்பு வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய். ஜட்காவிலிருந்து முக்காடு போட்ட ஒரு பெண் இறங்கி உள்ளே வந்தாள். முக்காட்டை விலக்கினாள். திரையில் பார்த்த அதே முகம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "அம்மா!" என்று நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தேன்.

அவள் மிதிபட்டவள் மாதிரி பின்னால் துள்ளினாள். "ஐயையோ, எந்திரிங்கக்கா! நான் வேசம் கட்டுனவக்கா. காலைத் தொடாதீங்க!"

நீ வெளியிலிருந்து, "இன்னாமே அங்க சத்தம்?" என்றாய். நாலு மாசத்துக்குப் பிறகு உன் குரல் என் பக்கம் வந்தது அப்போதுதான். அதற்குள் அவள் சுவரைப் பார்த்துவிட்டாள். "இது என் போட்டோல்ல? எனக்கு மாலையா போட்டிருக்கீக? என்னைய உசிரோட வச்சுக்கிட்டே மாலை போட்டீகளே!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். தை மாசத்திலிருந்து விட்டுவிட்டு ஜுரமாம். வைத்தியம் பலிக்கவில்லை. திருவொற்றியூரில் அவள் படத்துக்கு மாலை போட்டுத் தீபம் காட்டுகிறார்கள் என்று யாரோ சொல்லப் பதறிக்கொண்டு வந்திருக்கிறாள். "எங்க ஆத்தா கேட்டா உசிரையே விட்டுரும். எடுத்துருங்கக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்கு ஊராரை நினைத்துப் பயம். அம்மா படத்தை எடுத்தால் என்ன சொல்வார்களோ என்று நின்றேன். நீ உள்ளே வந்தாய், ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினாய், மாலையைப் பிய்த்து வெளியே வீசினாய், படத்தைத் துடைத்து அவள் மடியில் வைத்தாய். கல்லின் மேலிருந்த உப்பை எடுத்து அவள் நெற்றியில் தேய்த்துவிட்டாய். "போவும் கண்ணு. உசிரோட கீறவங்களுக்குப் போட்ட மாலை, கயட்டிப்புட்டா ஒண்ணும் ஆவாது."

அவள் கொஞ்சம் தேறியதும் சொன்னாய்: "நீ நல்லாத்தான் நடிச்ச. ஆனா அது அம்மா இல்ல."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவளோ உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் தெரியும்க்கா. ஒரு பிடியும் கிடைக்காமத்தான் நடிச்சேன். இந்த ஊருல நேருல பார்த்த ஒரு அம்மா சொன்னாகன்னு மேனேஜர் எழுதிட்டு வந்தாரு. தாமரை, குயிலுன்னு இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு எப்படிக்கா நடக்குறது? எப்படி உக்கார்றது?"

அங்கேயே மண் பிளந்து நான் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. "அந்த அம்மா நான்தான்" என்றேன். "நான் பார்த்ததே இல்லை. என் வாயால கெட்டது." இருபது வருஷத்தில் முதல் தடவையாக வெளியே சொன்னேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

பிறகு நீ அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தாய். நானும் அன்றுதான் முழுசாகக் கேட்டேன். குட்டை. கருகரு என்று இருப்பார்கள். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. முன்பல் இரண்டு கிடையாது. சிரித்தால் காற்றுத்தான் வரும். பாட்டே வராது, பேசினாலே கரகர. வாய் நிறைய வெற்றிலை. யாராவது காலில் விழுந்தால், "எயுந்திரு கஸ்மாலம்" என்பார்கள். உப்புத் தண்ணீரில் வெடித்து வெடித்து இடது பாதம் உள்பக்கம் ஊன்றாது. வெளி ஓரத்தில்தான் நடப்பார்கள்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்து காட்டினாள். "ஊஹும். நீ நொண்டற. அவங்கோ நொண்டல. அதுதான் அவங்கோ நட" என்றாய். மறுபடி நடந்தாள். "தோள எறக்கு. தோளு இன்னாத்துக்கு மேல நிக்குது?" மறுபடி. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ தெரியாது, நீ திருத்துவதை நிறுத்திவிட்டாய். அந்த ஆற்றல் எங்கிருந்து வந்ததோ, ரம்பையாக ஆடிய அந்த உடம்பு குறுகி, கனத்து, வெயிலில் காய்ந்த ஒரு கிழவியாக உன்னை நோக்கி வந்தது. வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு முழங்காலை நிமிர்த்தி, ஒரு கையை மணலில் ஊன்றி, உன்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்து. நீ சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவள் செய்தாள்: பேசாமல் இருந்தாள்.

நீ அவள் தோளில் தலையைச் சாய்த்து அழுதாய். நான் உன்னோடு இருந்த இத்தனை வருஷத்தில் நீ அழுது பார்த்தது அன்று ஒரு நாள்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜட்காக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அவள் எழுந்தாள், படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியேறினாள். அவள் ஜுரம் விட்டுப்போய், இப்போது பம்பாயில் ஏதோ படத்தில் ராணியாக நடிப்பதாகத் தாயாரம்மா சொல்கிறாள்.

வண்டி திரும்பியதும் நீ என்னைப் பார்த்துக் கேட்டாய்: "பாத்தியாமே?"

"பார்த்தேன் அக்கா."

"இப்ப சொல்லு எல்லாருகிட்டயும். கேட்டா, எப்டிப் பாத்தேன்னும் சொல்லு."

மறுநாள் காலையில் உன் குடம் நம் குழாயடிக்கே வந்தது. தாயாரம்மா வாயைப் பிளந்தாள். "இன்னா பாக்கற? அந்தக் கொயாயில தண்ணி கலீஜா கீது" என்றாய், எதுவும் நடக்காத மாதிரி.

நீ போய் இது இரண்டாவது வருஷம். நெஞ்சில் சளி கட்டி நீ படுத்திருந்த கடைசி நாட்களில் நான் பேசிப் பேசியே உன்னைக் கொன்றேன் என்று ஊரில் சொல்வார்கள். பேசட்டும். நான் எதைப் பேசினேன் என்று உனக்குத் தெரியும்: எந்தப் படம் வரப்போகிறது, யார் எந்த நாயனாராக வருகிறார், யாருக்குத் தொப்பை. நீ கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாய். அம்மாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நீ சொன்னபடியே சொல்லிவருகிறேன். குரு பூஜையன்று முன்பல் இல்லை என்றதற்கு ஒரு செட்டியார் வீட்டம்மா எழுந்து போனார். தாயாரம்மாகூட, "இன்னாமே, சாமியப் போயி தெருக்காரி கணக்கா சொல்ற?" என்றாள். "தெருவுலதான் இருந்தாங்க, வேற எங்க இருந்தாங்க?" என்றேன். எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை.

இன்று காலை அந்தப் படத்தைக் கழற்றலாம் என்று ஸ்டூலைத் தேடியபோதுதான், மூலையில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். இருபது வயசிருக்கும். சடையங்குப்பத்துக்காரி. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, அதற்குப் பிறகு வந்த காய்ச்சலில் பெண் குழந்தை போய் நாலு நாள் ஆகிறதாம். காய்ச்சலின்போது இங்கே தூக்கிவந்து இந்தப் படத்துக்கு முன்னால் கிடத்தி, அந்த விருத்தத்தையும் பாடியிருக்கிறாள். என்னிடம் கேட்டாள்:

"டாக்கில அந்தக் கொயந்த எயுந்துக்கிச்சே, பெரீம்மா. நான் இன்னா தப்பு பண்ணேன்? எம்புள்ள ஏன் எயுந்துக்கல?"

உன் கேள்விதான் அக்கா. கொட்டகை வாசலில் எனக்குப் பதில் இல்லாமல் போன அதே கேள்வி. இன்று இருந்தது.

"அந்தக் குழந்தையும் எழுந்துக்கலம்மா" என்றேன். "அதோட அம்மா என் அக்கா. குழந்தை எழுந்துச்சுன்னு பொய் சொன்னவ நான். நீ ஒரு தப்பும் பண்ணல. உன் பாட்டுலயும் ஒரு குறையும் இல்ல."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அப்படியே கீழே உட்கார்ந்தாள். எனக்கு வாயில் வந்தது ஆயிரம். ஈசன் சித்தம் என்று வந்தது, அடுத்தது பிறக்கும் என்று வந்தது, எல்லாம் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். என் வாயைப் பற்றித் தெரிந்த நீ இதை நம்பமாட்டாய். ஆனால் அதுதான் நடந்தது. பக்கத்தில் போய், ஒரு முழங்காலை நிமிர்த்தி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, கடலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு ரயில் போனது. திரும்பியும் வந்தது. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது நாளும் வருவேன் என்று அவளுக்குத் தெரியாது. இடது கால் மரத்து, இடுப்பு வரைக்கும் வலி ஏறியது. அவள் தலை என் தோளில் சாயும் வரை காலை மாற்றவில்லை. சாய்ந்த பிறகும் மாற்றவில்லை.